முகமூடிக்குள் இருபத்தோரு பேர்!



"மாயாவியைத் தெரியுமா?" என்று நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன. பாதிப் பேர் முழித்தார்கள். ஒருத்தி, "அது என்னடி, சீரியலா?" என்றாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரே ஒரு குரல்தான், "எந்த மாயாவி? இரும்புக்கையா, முகமூடியா?" என்று திருப்பிக் கேட்டது. அந்தக் குரலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களும் படிக்கலாம், தடையொன்றும் இல்லை!

தமிழ் காமிக்ஸில் மாயாவிகள் இரண்டு பேர். முதலாமவர் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் கதைதான். இங்கிலாந்தில் 1962-ல் பிறந்தவர். ஒரு விஞ்ஞானியிடம் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ட்ரிபிள்-இ படிக்கிற நமக்கு இதில் ஒரு சந்தேகமும் கிடையாது. அவ்வளவு வோல்டேஜ் பாய்ந்தால் ஆள் மறைவது நிச்சயம். திரும்பி வருவதுதான் கஷ்டம்!

இரண்டாமவர்தான் நம்ம ஆள், முகமூடி வீரர் மாயாவி. அமெரிக்காவில் இவர் பெயர் ஃபாண்டம். லீ ஃபாக் என்பவர் படைத்து, 1936 பிப்ரவரி 17-ம் தேதி செய்தித்தாளில் படக்கதையாக ஆரம்பித்தார். சூப்பர்மேன் வந்தது 1938-ல், பேட்மேன் 1939-ல். ஆக, உடம்போடு ஒட்டிய உடை, கண்ணை மறைக்கும் முகமூடி என்று கிளம்பிய இந்தக் கூட்டத்துக்கே இவர் மூத்த அண்ணன். 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் கதையே இவருடையதுதான். தமிழில் வேதாளர் என்றும் இவருக்கு ஒரு பெயர் உண்டு. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1990-களில் இவரை மாயாவி ஆக்கியது. அந்த ராணி காமிக்ஸும் 2005-ல் நின்றுபோயிற்று. அப்போது நான் பிறக்கவே இல்லை.

பிறகு எனக்கு எப்படிக் கிடைத்தது? நம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருதான் காரணம். அங்குள்ள பழைய சாமான் கடைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவு, எனாமல் தூக்கு, கல்யாணப் படம், கடிகாரம்... எல்லாம் கிடைக்கும். என் மாமா அங்கே ஒரு கடையில் லோடு ஏற்றி இறக்குகிறார். பீங்கான் சாமான் உடையாமல் இருக்க இடுக்கில் திணிக்கிற பழைய பேப்பரோடு ஒரு நாள் ராணி காமிக்ஸ் கட்டு ஒன்று வந்தது. "ஏத்தா, நீதான் படிக்கிற புள்ளையாச்சே, இந்தா!" என்று கொண்டுவந்து போட்டார். பாடப் புத்தகத்துக்கும் படக்கதைக்கும் மாமாவுக்கு வித்தியாசம் கிடையாது. எழுத்து இருந்தால் அது படிப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், எழுத்துள்ள எதுவும் வீட்டில் என் பங்குக்கு வந்துவிடும். மளிகைப் பொட்டலம் உட்பட!

சரி, கதைக்கு வருவோம். 1536-ம் வருஷம் ஒரு கப்பலைக் கடற்கொள்ளையர் தாக்குகிறார்கள். ஒரே ஒரு இளைஞன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்குகிறான். பாண்டர் இனத்துக் குள்ள மனிதர்கள் அவனைத் தூக்கிப் போய்க் காப்பாற்றுகிறார்கள். பிறகு ஒரு நாள் அதே கடற்கரையில் அவனுடைய அப்பாவைக் கொன்றவனின் பிணம் ஒதுங்குகிறது. அந்த மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறான். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி இவற்றோடு வாழ்நாள் முழுக்கப் போர். அவனுக்குப் பின் அவன் மகன், அதற்குப் பின் பேரன்... (அந்தக் கொள்ளையர் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'சிங்' என்று பெயர். நம் நாட்டுக்கு அது சரிப்படாது என்று இந்திரஜால்காரர்கள் 'சிங்கா' ஆக்கிவிட்டார்கள். பங்கல்லா என்ற நாட்டையும் டென்காலி என்று மாற்றினார்கள். கெட்டிக்காரர்கள்!)

காட்டு ஜனங்கள் இவரைச் சாகாத மனிதன் என்று நம்புகிறார்கள். தாத்தா காலத்தில் பார்த்த அதே முகமூடி, அதே மண்டையோட்டு மோதிரம். வாசகர்களான நமக்கு மட்டும் ரகசியம் தெரியும். அவர் சாகாதவர் இல்லை. செத்துச் செத்து ஆள் மாறுகிறவர். நாம் படிக்கிற மாயாவி இருபத்தோராவது ஆள். மண்டையோட்டுக் குகைக்குள் முந்தைய இருபது பேரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே பெரிய பெரிய நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொருவரும் தான் சந்தித்த வில்லன், பட்ட அடி, தப்பித்த விதம் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப் போகிறார்கள். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுக் குதிரை ஏறுகிறார்.

சண்டைக் காட்சிகளை விட எனக்குப் பிடித்தது இந்த நோட்டுப் புத்தகங்கள்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குகை உண்டு. தகரக் கூரை போட்ட கொட்டகை. அப்பா ஆத்தங்குடி கல் போடுகிறவர். ஐயாவும் அதே வேலைதான், ஐயாவுடைய அப்பாவும் அதேதான். வெளியூர்த் தோழிகளுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூப்போட்ட தகர அச்சு. சிமெண்டையும் சாயத்தையும் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறம் ஊற்ற வேண்டும். கை நடுங்காமல் அச்சைத் தூக்க வேண்டும். நடுங்கினால் சிவப்பும் பச்சையும் கலந்து கல் வீண். மேலே காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்கு மேல் கலவை போட்டுக் கரணையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவிட்டு, மறுபடி காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கல்லின் முகம் அந்தக் கண்ணாடி மாதிரியே பளபளக்கும். அடுப்பும் கிடையாது, கரண்டும் கிடையாது. (கரண்ட் இல்லாத தொழில் செய்கிறவருக்கு ட்ரிபிள்-இ படிக்கிற மகள்!)

அச்சே இல்லாமல் போடுகிற கல்லும் உண்டு. இரண்டு மூன்று சாயத்தை அடுத்தடுத்து ஊற்றி, குச்சியால் சுழித்துவிட வேண்டும். அதற்கு அளவு கிடையாது, கைக்கணக்குதான். அப்பா இடது கைக்காரர். நானும்தான்.

ஆனால் அந்தச் சாயக் கரண்டியை அப்பா என்னைத் தொடவிட்டதே இல்லை. சின்ன வயசில் ஆசையாகக் கிட்டே போவேன். "உனக்கு எதுக்குத்தா இது? சிமெண்டு கையத் தின்னுரும். நீ போயிப் படி" என்பார். அவர் விரல் நுனியில் ரேகையே தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் பல நாள் எடுக்காது. ஐயா செத்தபோது அவர் வைத்திருந்த அச்சுகள் அப்பாவுக்கு வந்தன. எனக்கு வரப்போவதில்லை என்பது எனக்குப் பத்து வயசிலேயே தெரியும். இது கோபத்தில் சொல்வதில்லை. தன்னிடம் இருப்பதைப் பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு பாசம் என்றால், கொடுக்காமல் காப்பாற்றுவதும் ஒரு பாசம்தான். இருந்தாலும் இருபத்தோரு தலைமுறைக் கதையைப் படிக்கும்போது மனசு லேசாகக் குறுகுறுக்கத்தான் செய்தது.

குறுகுறுப்பு வந்தால் கேள்வியும் வருமே! குரன் என்று ஒருவர் அந்தக் கதையில் வருவார். பாண்டர் இனத் தலைவர், மாயாவியின் சின்ன வயசு சிநேகிதர். ரகசியம் முழுக்கத் தெரிந்தவர். காடு அவர் காடு. முதல் மாயாவியைக் கரையிலிருந்து தூக்கி வந்ததே அவருடைய முன்னோர்கள்தான். நானூறு வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த முகமூடி ஒரு பாண்டர் பையன் முகத்துக்கு வந்ததா? வரவே இல்லை. வெள்ளைக்கார அப்பாவிடமிருந்து வெள்ளைக்கார மகனுக்குத்தான் போகிறது. குகையில் ரெக்ஸ், டாம் என்று இரண்டு அநாதைப் பையன்களை மாயாவி வளர்ப்பார். பாசமாகத்தான் வளர்ப்பார், சண்டை கூடச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் வாரிசு என்றால் 1977-ல் டயானாவைக் கல்யாணம் செய்து பெற்ற இரட்டைக் குழந்தைகள்தான். பெண்ணுக்கும் ஒரே ஒரு தடவை சான்ஸ் கிடைத்திருக்கிறது. பதினேழாவது மாயாவி அடிபட்டுப் படுத்தபோது அவருடைய சகோதரி ஜூலி அந்த உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணன் தம்பிக்கு அடிபட்டால்தான் நமக்கு முகமூடி போலிருக்கிறது!

இந்த விஷயத்தில் பேட்மேன் பரவாயில்லை. 1940-ல் அவருக்கு ராபின் என்ற சின்னப் பையன் கூட்டாளியாக வந்தான். சர்க்கஸில் பார் விளையாடுகிற குடும்பம். அப்பா அம்மாவை ரவுடிகள் கொன்றுவிடுகிறார்கள். கோடீஸ்வரரான பேட்மேனுக்கும் அந்தச் சர்க்கஸ் பையனுக்கும் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. தன்னைப் போலவே அவனும் அநாதை என்ற ஒன்றுதான். கூட்டிப்போய்க் கற்றுக் கொடுத்து, அவனுக்கும் ஒரு முகமூடி கொடுக்கிறார். இருட்டில் தனியாகவே திரிந்த ஹீரோவுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பதும் எழுதியவர்களுக்கு ஒரு காரணம். அது எவ்வளவு பெரிய காரணம் என்பது முதல் செமஸ்டரில் ஹாஸ்டலில் தனியாக அழுதவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கூட்டாளிப் பையனின் உயிர் எவ்வளவு மலிவு தெரியுமா? முதல் ராபின் பெரியவனாகித் தனியே போன பிறகு ஜேசன் டாட் என்று இரண்டாவது ராபின் வந்தான். தெருவில் வளர்ந்த பையன். பேட்மேனின் காரிலேயே டயரைக் கழற்றித் திருடப் பார்த்தவன்! வாசகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988-ல் ஜோக்கர் அவனை அடித்துப் போட்டு, குண்டு வெடிக்கிற இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, பத்திரிகைக்காரர்கள் இரண்டு போன் நம்பர் கொடுத்தார்கள். பையன் பிழைக்கணுமா, சாகணுமா? காசு கொடுத்துப் போன் போட்டு ஓட்டுப் போட வேண்டும். சாகட்டும் என்று 5,343 பேர். பிழைக்கட்டும் என்று 5,271 பேர். வெறும் 72 ஓட்டில் ஒரு பையன் செத்தான்! நம் யூனியன் எலெக்ஷனில் கூட இதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். 2005-ல் அவனைத் திரும்ப உயிரோடு கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், முதல் ராபினுக்குச் சர்க்கஸ் வித்தை என்று கையோடு ஒரு சொத்து இருந்தது. ஜேசனுக்கு ஒன்றுமே இல்லை. முரட்டுத்தனம் இருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் இல்லாமல் உள்ளே வருகிறவனுக்கு ஜனங்கள் அதிக டைம் கொடுப்பதில்லை.

இதெல்லாம் அமெரிக்காக் கதை, நம்ம ஊரில் இல்லையா என்பீர்கள். ஏன் இல்லை? 2012-ல் மிஷ்கின் எடுத்த 'முகமூடி' வந்தது, ஜீவா நடித்தது. சண்டை நன்றாக இருக்கும், அதோடு சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு படம். 1993-ல் வந்த ஷங்கரின் 'ஜென்டில்மேன்'. பகலில் அப்பளக் கம்பெனி, ராத்திரியில் பணக்காரர்களிடம் கொள்ளை. ஏன் அப்படி? மார்க் எடுத்தும் பணம் இல்லாததால் டாக்டர் சீட் கிடைக்காமல் போன பையன் அவன். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலேஜ் கட்டத்தான் அந்தக் கொள்ளை. (அதிலும் ஒரு பார்ட்னர் உண்டு, ஆனால் இளம் பார்ட்னர் என்று சொல்ல முடியாது. கவுண்டமணி!) 2019 டிசம்பரில் வந்தது மித்ரனின் 'ஹீரோ'. மார்க் இல்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துவைத்து, கையால் செய்து பார்த்துக் கற்கச் சொல்கிற வாத்தியார் ஒருவர் அதில் வருகிறார். போலி சர்டிபிகேட் புரோக்கராகச் சுற்றிக்கொண்டிருந்த சிவகார்த்திகேயன் அவர் வழிக்கு வந்து முகமூடி மாட்டுகிறார். வில்லன் யார்? மாணவர்களின் புது ஐடியாக்களை முளைக்க விடாமல் நசுக்குகிற கார்ப்பரேட் முதலாளி. அந்த வாத்தியாராக நடித்தது யார் தெரியுமா? அதே அர்ஜுன்! 1993-ல் சீட் கிடைக்காத மாணவன், 2019-ல் முகமூடியை அடுத்தவனுக்குக் கொடுக்கிற வாத்தியார். இரண்டும் வேறு வேறு கதைதான், ஆனால் எனக்கு ஒரே ஆள் இருபத்தாறு வருஷம் கழித்து வந்த மாதிரி இருந்தது.

கவனித்தீர்களா, பங்கல்லாவில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன முகமூடி, நம்ம ஊர்ப் படத்தில் வாத்தியாரிடமிருந்து மாணவனுக்குப் போகிறது. இதை ஒரு சினிமா வசதி என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. வீட்டில் முன்னால் போனவர் யாருமே இல்லாதவர்களுக்கு வேறு எப்படித்தான் கிடைக்கும்?

இப்போது அந்த நோட்டுப் புத்தக விஷயத்துக்கு வருகிறேன். ஃபர்ஸ்ட் இயரில் நான் வந்து நின்றபோது எனக்கு 'இன்டர்னல்' என்றால் என்னவென்று தெரியாது. 'ரெக்கார்டு சப்மிட் பண்ணு' என்றால் யாரிடம், எங்கே, எப்படி? வீட்டில் போன் போட்டால் அப்பா, "சாப்பிட்டியாத்தா?" என்பார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார் பாவம்! பொறியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே இந்த விவரமெல்லாம் பரிமாறிவிடுவார்கள். அவர்கள் இருபத்தோராவது மாயாவிகள். நான் கரை ஒதுங்கிய முதல் ஆள்.

என்னைக் கரையிலிருந்து தூக்கியவர் தேர்டு இயர் அக்கா ஒருவர். பெயர் எழுதினால் திட்டுவார். லேப் வராந்தாவில் நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அட்டை கிழிந்து நூல் போட்டுத் தைத்த ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். மோட்டார் கனெக்ஷன் படங்கள், வைவாவில் கேட்கிற கேள்விகள், எந்த மீட்டர் ஒட்டிக்கொள்ளும், அதை எப்படித் தட்டினால் முள் நகரும்... எல்லாம் இருந்தது. எழுத்து மட்டும் ஒரே கையெழுத்து இல்லை. நீல மை, கறுப்பு மை, பென்சில். முதல் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு பெயர், நாலு வருஷம். அக்கா நாலாவது. "படிச்சு முடிச்சிட்டு உன் பேரையும் போட்டுக்க. அடுத்து வர்றவளுக்குக் குடு. பணக்காரி வேணாம், முழிக்கிறவளாப் பாத்துக் குடு" என்றார். மண்டையோட்டுக் குகையின் நோட்டுப் புத்தகம் எனக்குக் கிடைத்துவிட்டது!

இப்போது அதில் ஐந்தாவது பெயர் என்னுடையது. மூன்று பக்கம் நானும் எழுதியிருக்கிறேன். வரும் வருஷம் யார் விழிக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

நிற்க. வீட்டுக் கதை பாக்கி இருக்கிறது. நான் பாலிடெக்னிக் வந்த பிறகு அப்பா கொட்டகையில் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். பதினாறு வயசு. எங்களுக்குச் சொந்தமும் இல்லை, எங்கள் ஊரும் இல்லை. பத்தாவதில் கணக்கில் போய், படிப்பே வேண்டாம் என்று வந்தவன். அவனுக்கு அப்பா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறார். பச்சை கறுக்காமல் இருக்க எவ்வளவு வெள்ளைச் சிமெண்ட் சேர்ப்பது, மழை நாளில் கலவையில் தண்ணீர் எவ்வளவு குறைப்பது, ஐயா காலத்து அச்சை எப்படித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது. எனக்கு ஒரு நாளும் சொல்லாதது! லீவுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பேன். பொறாமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஜேசன் டாடுக்கு எதிராகப் போன் போட்ட 5,343 பேரில் இரண்டொருவர் என் மாதிரி மகளாக இருந்திருப்பார்கள்.

ஆனால் பையன் நல்லவன். என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவன், ஆனாலும் 'அக்கா' என்பதை விடமாட்டான். தீபாவளி லீவில் ஒரு நாள் சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இதுல என்னமோ இங்கிலீஸ்ல போட்டிருக்கு, என்னன்னு பாருங்க." படித்துச் சொன்னேன். கலக்க வேண்டிய சதவீதத்தை அவனுக்குப் புரிகிற மாதிரி கரண்டிக் கணக்காக மாற்றி, கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியும் கொடுத்தேன். பத்தாவதில் அவனை விரட்டிய அதே கணக்குதான். சுவரில் இருந்தபோது அவனுக்கு ஒரு பயமும் இல்லை. அப்பா சாந்து வாங்கப் போயிருந்தார். பையன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணு ஊத்திப் பாக்குறீங்களா?" என்றான்.

அச்சில்லாத சுழிக் கல். அவன் சொல்லச் சொல்ல ஊற்றினேன். பழுப்பு, மஞ்சள், நடுவில் கொஞ்சம் வெள்ளை. குச்சியால் சுழித்தேன். தூவியது, கலவை போட்டது, அழுத்தியது எல்லாம் அவன். என் கையைக் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து ரெக்கார்டு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். முகமூடி வீரர்களுக்கு இதுதான் பெரிய வேலை!

அடுத்த தடவை நான் வீட்டுக்குப் போனபோது கண்ணாடி எடுக்கிற நாள். அப்பா ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இது யார்ரா ஊத்துனது?"

"நாந்தாண்ணே" என்றான் பையன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்பா கல்லை வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பினார். "உனக்குச் சுழி வலப்பக்கமால்ல போகும்? இது இடப்பக்கமாப் போயிருக்கு."

பையன் ஒன்றும் பேசவில்லை. நான் டிரான்ஸ்பார்மர் படத்துக்கு அடியில் இரண்டு தடவை கோடு போட்டேன். அப்பா திண்ணைப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டைவிரலால் அந்தச் சுழியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, விற்பனைக்குப் போகிற அடுக்கில், நடுவில் செருகி வைத்தார்.

அந்த லோடு போன மாதம் சென்னைக்குப் போய்விட்டது. ஏதோ புது வீடாம், ஹாலுக்கு மட்டும் அறுநூறு கல்.